பொறாமையில் பார்த்தாலும் அது ஒரு 'வியூ'தான்

கேள்வி: எனக்கு 22 வயது. இன்ஸ்டாகிராமில் எதையும் போடுவதில்லை, பார்ப்பதோடு சரி. ஆனாலும் போனைக் கீழே வைக்கும்போது மனசு கனத்துப்போகிறது. வெறுமனே பார்ப்பதில் என்ன இருக்கிறது?

பதில்: அந்த 'வெறுமனே'தான் சிக்கல். நண்பர்களோடு பேசவும் கிண்டலடிக்கவும் அதைத் திறந்தால் பதிலுக்கு ஏதாவது கிடைக்கும். சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டே போனால் ஒப்பீடு மட்டும்தான் மிச்சம். அளந்து பார்க்க வேறு அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் பிறரை வைத்தே தங்களை எடைபோடுவார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதினார். இப்போது நீங்கள் எடைபோடுவது யாரோடு? முப்பது செல்ஃபியில் ஒன்றைப் பொறுக்கி, ஃபில்டரும் போட்ட முகத்தோடு. தூங்கி எழுந்த உங்கள் முகம் அங்கே தோற்கத்தான் செய்யும்.

இன்னொன்று, ஒரு ரீலில் எத்தனை விநாடி நின்றீர்கள் என்பதைச் செயலி கணக்கில் எடுத்துக்கொள்ளும். ரசித்து நின்றீர்களா, வயிறெரிந்து நின்றீர்களா என்று அதற்குத் தெரியாது. நின்றால் அதே ரகம் மறுபடி வரும். எனவே உறுத்துகிற ரீல் வந்ததும் முழுசாகப் பார்க்காமல், மூன்று புள்ளியைத் தொட்டு 'ஆர்வமில்லை' கொடுங்கள். ஒருமுறை கொடுத்தால் போதாது, சில நாள் விடாமல் கொடுக்க வேண்டும். உறுத்துவது தெரிந்தவரின் பதிவு என்றால் 'அன்ஃபாலோ' செய்து மனஸ்தாபம் தேடாதீர்கள். 'மியூட்' செய்தால் அவருக்குத் தெரியவே வராது. லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதியும் 2021 முதல் இருக்கிறது.

கேள்வி: பேசாமல் ஆப்பையே அழித்துவிட்டால்?

பதில்: அழிக்கலாம். ஆனால் நாலு நாளில் திரும்ப ஏற்றுபவர்களும் உண்டு. குறைத்தாலே பலன் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றும் நாளுக்கு 10 நிமிடம்தான். 3 வாரத்தில் அவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. சுயமதிப்பு மட்டும் குறிப்பிடும்படி உயரவில்லை. ஆகவே நேரத்தைக் குறைத்ததுமே தன்னம்பிக்கை பொங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

போனிலேயே நேர வரம்பு வைக்கலாம். ஐபோனில் அது கவிழ்வது 'இன்னும் 15 நிமிடம்' பட்டனில்தான். வரம்புக்கான கடவுக்குறியீட்டை வீட்டில் வேறொருவரை வைக்கச் சொல்லுங்கள்.

2 வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் சோர்வு, தூக்கக்கேடு, எதிலும் நாட்டமின்மை இருந்தால் ஆப்பை மாற்றியமைப்பது போதாது, மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் உடனே போங்கள்.