தானே மாறும் ஜன்னல் கண்ணாடி: இப்போது பூசலாமா?

கேள்வி: என் அறையில் மேற்குப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு அங்கே உட்கார முடியவில்லை. சூடு ஏறினால் தானாகவே வெயிலைத் தடுக்கும் பூச்சு வந்திருக்கிறதாமே, மின்சாரம்கூட வேண்டாமாம். இருக்கிற கண்ணாடியிலேயே பூசிக்கொள்ளலாமா? அறை இருட்டாகிவிடுமா?

பதில்: இருட்டாகிவிடும் என்ற பயம் வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் வனேடியம் டை ஆக்சைடு பூச்சாக இருக்கும். சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். இந்தப் பூச்சு ஆறியிருக்கும்போது அதை உள்ளே விடும். சூடேறினால் அணுக்களின் அடுக்கு மாறி உலோகம்போல் ஆகி, அகச்சிவப்பைத் தடுக்கும். வெளிச்சம் பெரிதாகக் குறையாது. ஆனால் லேசான மஞ்சள் பழுப்பு நிறம் எப்போதும் இருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை, பழைய தேநீர்க் கறை மாதிரி.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 1959இல் மோரின் என்ற ஆய்வாளர் கண்டறிந்த இந்த மாற்றம் நடப்பது சுமார் 68 டிகிரி செல்சியஸில். கணக்கில் வருவது அறையின் சூடு அல்ல, கண்ணாடியின் சூடு. நாலு மணிக்கு உங்கள் ஜன்னலில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில நொடி வைத்திருக்க முடிகிறதா? அப்படியென்றால் அது 68 டிகிரிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதனால்தான் பூச்சில் டங்ஸ்டன் என்ற உலோகத்தைக் கலக்கிறார்கள். நூறு அணுவுக்கு ஒன்று சேர்த்தால் மாறும் வெப்பநிலை 20 டிகிரிக்கு மேல் இறங்கும். ஆனால் அந்த அளவுக்கு இறக்கினால், சூட்டுக்கும் குளிருக்கும் இடையே பூச்சு காட்டும் வித்தியாசமும் சுருங்கிவிடுகிறது. அப்புறம், தடுக்கும் வெப்பத்தில் ஒரு பங்கைப் பூச்சே விழுங்கிக்கொள்ளும். சூடான கண்ணாடி உள்பக்கமும் அனலை வீசும்.

நீர்க்கூழ் அடைத்த இரட்டைக் கண்ணாடியும் உண்டு. அது 32 டிகிரி வாக்கில் பால்போல் வெளுத்து வெயிலை நன்றாகவே தடுக்கும். வெளியே என்ன நடக்கிறது என்றுதான் தெரியாது. கூரைச் சாளரத்துக்குச் சரி, நீங்கள் பார்த்துக்கொண்டு உட்காரும் ஜன்னலுக்குச் சரிவராது.

நீங்களே பூசுவது நடக்காது. வனேடியம் டை ஆக்சைடு காற்றுபட்டால் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து வேலை செய்யாமல் போகும். மேலே காப்பு அடுக்கு வேண்டும், அது ஆலையில் செய்கிற காரியம். படலமாக ஒட்டுவதாக இருந்தாலும் முதலில் கண்ணாடித் தயாரிப்பாளரைக் கேளுங்கள். வெப்பத்தை உறிஞ்சும் படலம் ஒட்டிய கண்ணாடியில் பாதி வெயிலும் பாதி நிழலும் விழுந்தால் விரிசல் விடலாம்.

ஒன்று யோசியுங்கள்: குளிர்காலத்தில் அந்த வெயில் உங்களுக்கு வேண்டுமா? வேண்டாம் என்றால், மாறும் பூச்சுக்குத் தேவையே இல்லை. வெளிச்சத்தை விட்டு அகச்சிவப்பை மட்டும் எப்போதும் தடுக்கும் சாதாரணப் பூச்சுக் கண்ணாடியே போதும். அதற்கும் முன்னால் ஜன்னலுக்கு வெளியே ஒரு செங்குத்துத் தட்டியோ சுருள் திரையோ போட்டுப் பாருங்கள். மேற்கு வெயில் சாய்ந்து வருவதால் மேலே நீட்டிய சன்ஷேடு அதை மறைக்காது. உள்ளே போடும் திரைச்சீலையும் அதிகம் உதவாது, வெப்பம் அதற்குள் அறைக்குள் வந்துவிட்டிருக்கும்.