பற்றுச்சீட்டு அனுமதிப்பத்திரம் ஆகாது

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில், கடலிலிருந்து ஏறக்குறைய 150 மீற்றர் உள்ளே, எங்கள் சொந்த வளவில் ஆறு அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறேன். நிலத்துக்கு மேலே பொருத்தும் நீச்சல் தடாகம் ஒன்று வாங்கி வைத்தேன். இரும்புச் சட்டம், 15 அடி விட்டம், 4 அடி உயரம். அதைச் சுற்றி, அதன் விளிம்பு உயரத்துக்கே, பலகைத் தளம் அமைத்துக்கொண்டிருக்கிறேன். விண்ணப்பம் கொடுத்துப் பணம் கட்டிய பற்றுச்சீட்டு உண்டு. "வேலையைத் தொடங்குங்கள்" என்று வாயாலும் சொன்னார்கள். பன்னிரண்டு வருடமாகக் காணித் தகராறில் முகம் கொடுத்துப் பேசாத பெரியப்பாவின் மகன், பக்கத்து வளவுக்காரர், தடாகத் தண்ணீர் தன் கிணற்றுப் பக்கம் வருகிறது என்று முறைப்பாடு செய்துவிட்டார். வேலையை நிறுத்தி, கட்டியதை அகற்றும்படி அறிவித்தல் வந்திருக்கிறது. தடாகம் கழற்றி வைக்கக்கூடிய பொருள்தானே? சீசனுக்கு முன் மிச்சப் பலகையை அடித்து முடிக்கலாமா? அண்ணன் மீது மானநட்ட வழக்குப் போட முடியுமா?

பதில்: உங்கள் கடிதம் ஆறு பக்கம். அதில் நான்கு பக்கம் பெரியப்பாவின் மகனைப் பற்றியது. எல்லாவற்றையும் படித்தேன். அவர் பொறாமைக்காரராகவே இருக்கட்டும். அனுமதியில்லாத கட்டுமானத்தைப் பற்றிப் பொறாமைக்காரர் முறைப்பாடு செய்தாலும் அது அனுமதியில்லாத கட்டுமானம்தான். உரிய அதிகாரியிடம் உள்ளதைச் சொன்னவர் மீது மானநட்ட வழக்கு நிற்காது. அந்தக் கதையை இத்தோடு விடுங்கள்.

ஒரே கேள்விதான் இருக்கிறது. முதல் தூணுக்குக் குழி தோண்டிய அன்று, கையெழுத்திட்ட அனுமதிப்பத்திரம் உங்கள் கையில் இருந்ததா? இல்லை. பற்றுச்சீட்டு இருந்தது. அது நீங்கள் விண்ணப்பித்ததைத்தான் காட்டும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கெட்டிக்காரர் என்றால் அதையே எடுத்துக்காட்டி, அனுமதி தேவை என்பது இவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, தெரிந்துகொண்டே கட்டினார் என்பார். நீங்கள் கேடயம் என்று நினைத்து வைத்திருப்பது அவருடைய சான்று.

தடாகத்தைக் கழற்றிப் பெட்டியில் போடலாம் என்பது சரி. ஆனால் பிரச்சினை தளத்தில் இருக்கிறது. நான்காம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: பன்னிரண்டு தூண்கள், ஒவ்வொன்றும் 2 அடி ஆழத்தில் கொங்கிறீற் இட்டு நட்டவை. இவற்றை எந்தப் பெட்டியில் போடுவது? 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து, அதாவது கடல் பெருகும்போது தண்ணீர் வந்து தொடும் சராசரி எல்லையிலிருந்து, தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் அபிவிருத்தி வேலைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கிறது 14 ஆம் பிரிவு. அபிவிருத்தி வேலை என்பதற்கு அந்தச் சட்டம் தரும் பொருள், வலயத்தின் பௌதிக இயல்பை எவ்வகையிலேனும் மாற்றக்கூடிய எந்த வேலையும். கட்டடம் மட்டுமல்ல, மணலை அகற்றுவதும் அதில் அடங்கும். கடலுக்கும் வளவுக்கும் இடையில் தார் வீதி ஓடுகிறது என்று அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். வீதி ஓடினாலும் 150 மீற்றர் 300 ஆகிவிடாது. இன்னொன்று: பிரதேச சபையின் கட்டட அனுமதி வேறு, கரையோரத் திணைக்களத்தின் அனுமதி வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வராது. உங்களிடம் இரண்டும் இல்லை.

இனி நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். "மிச்சப் பலகையை அடித்து முடிக்கலாமா?" இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் பாதிப்பேர் என் பதில் வருமுன்னே முடித்துவிட்டு வந்தவர்கள். வெள்ளிக்கிழமை மாலை கந்தோர் பூட்டியதும் மேசனையும் தச்சரையும் கூப்பிட்டு, இரவில் விளக்குப் போட்டு, திங்கள் காலைக்குள் வேலையைத் தீர்ப்பார்கள். முழுதாகக் கட்டியதை யார் இடிப்பார்கள் என்ற நம்பிக்கை. அரைகுறையாக நிற்பதை விட முழுதாக நிற்பதை இடிக்கச் செலவு கூடும், அவ்வளவுதான் வித்தியாசம். நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28ஏ பிரிவின் கீழ் இடிக்கும் கட்டளை கேட்டு விடயம் நீதவான் முன் போனால், அங்கே பார்க்கப்படுவது அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதைத்தான். கடனெடுத்துக் கட்டினேன், சீசன் வருகிறது, பக்கத்து வீட்டாருக்கும் எனக்கும் ஆகாது என்பவை அங்கே ஏறாது. கரையோரச் சட்டத்திலும் அனுமதியில்லாததை அகற்றி, செலவை உங்களிடமே அறவிட வழி இருக்கிறது.

விடுதிக்காரர் ஒருவர் பற்றுச்சீட்டை லமினேற் செய்து, கடவுள் படம்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்தார். நீதவான் அதை வாங்கி இரு பக்கமும் பார்த்துவிட்டு, "அனுமதிப்பத்திரம் எங்கே?" என்றார். மூன்று நிமிடத்துக்குள் கட்டளை. அதைவிட மோசமானது அடுத்தது. அறிவித்தல் கிடைத்த நான்காம் நாள், புதிய தளத்தில் விருந்தினர் குளிர்பானம் குடிக்கும் படத்தைத் தன் விடுதியின் முகநூல் பக்கத்தில் அவரே போட்டிருந்தார். திகதியோடு. அறிவித்தலை மீறி வேலை நடந்ததற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. உங்கள் பக்கத்தில் அப்படி ஏதாவது இருந்தால் புதிதாக ஒன்றும் சேர்க்காதீர்கள். இருப்பதை அவசரப்பட்டு அழிக்கவும் வேண்டாம். முதலில் என்னிடம் காட்டுங்கள்.

இன்னொரு குழி உண்டு. அண்ணனோடு மத்தியஸ்த சபையில் இருந்து பேசி, அவர் முறைப்பாட்டை மீளப்பெற்றால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைப்பது. அண்ணன் கைவிட்டாலும் சபைக்கும் திணைக்களத்துக்கும் உள்ள அதிகாரம் அப்படியே இருக்கும். முறைப்பாட்டை மீளப்பெற்ற கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் ஒரு காலை இயந்திரச் சத்தத்தில் எழுந்திருக்கிறார்கள்.

நீங்கள் ஒரு வரிகூட எழுதாத விடயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 4 அடிச் சுவர் தனியே நின்றபோது மூன்று வயதுப் பிள்ளை அதில் ஏற முடியாது. அதன் விளிம்பு மட்டத்துக்குத் தளம் கட்டி, படியும் வைத்தீர்கள் என்றால், அந்தப் பிள்ளை நடந்தே தண்ணீருக்குள் போகலாம். உங்கள் விருந்தினரில் பாதி குடும்பங்கள். பூட்டுப் போடும் படலை இல்லாமல் ஒரு அசம்பாவிதம் நடந்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவு, அதாவது கவனயீனத்தால் மரணம் விளைவித்தல், ஐந்து வருடம் வரை சிறை. அனுமதியே இல்லாத தளம் என்பது அன்று உங்களுக்கு எவ்வளவு பாரமாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் ஆலோசனை: சண்டை வேண்டாம், இணங்கிப் போங்கள். கசப்பான விடயம் என்னவென்றால், 150 மீற்றரில் முறைப்படி கேட்டிருந்தால் இந்தத் தளத்துக்கு அனுமதி கிடைத்திருக்கக்கூடும். இப்போதும் அந்த வழி அடைபடவில்லை. வேலையை இன்றே நிறுத்திவிட்டதாக அறிவித்தலுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். பலகைகளையும் தூண்களையும் நீங்களே கழற்றுங்கள், கழற்றும்போது படம் எடுங்கள். பிறகு உண்மையான அளவுகளோடு வரைபடம் போட்டு இரண்டு இடத்திலும் விண்ணப்பியுங்கள். கடல் தூரத்தைக் கச்சான் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், கண்ணால் அளந்து போடாதீர்கள், நில அளவையாளரைப் பிடியுங்கள். மாரியில் உப்புவெளிக் கரை எவ்வளவு உள்ளே வரும் என்று உங்களுக்கே தெரியும். இந்தச் சீசனை தளம் இல்லாமல் ஓட்டுங்கள். நட்டம்தான். இடிப்புச் செலவோடும் வழக்குச் செலவோடும் ஒப்பிட்டால் சின்ன நட்டம்.

கிணற்று விடயத்தில் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 3½ அடி நிரப்பினால் உங்கள் தடாகம் பிடிப்பது 17,000 லீற்றருக்கு மேல். குளோரின் கலந்த அவ்வளவு தண்ணீரையும் மணல் தரையில் திறந்துவிட்டால் அது எங்கே போகும்? இது தனக்குத் தொல்லை என்று மாவட்ட நீதிமன்றத்தில் அவர் ஒரு வழக்குப் போட்டால், அதில் அவருடைய கை மேலோங்கியிருக்கும். வடிகால் வசதி செய்து, மறுபக்கம் திருப்பிவிட்டு, அவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். காணிப் பிரச்சினையை அன்று எடுக்காதீர்கள்.

அறிவித்தல் கிடைத்த திகதியையும் அதில் தந்திருக்கும் கால எல்லையையும் கடிதத்தில் எங்கும் எழுதவில்லை. அறிவித்தல், காணி உறுதி, நில அளவைப் படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்தக் கிழமைக்குள் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். அதுவரை வளவில் சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது.