தனிப் பாடம் வேண்டாம், தராசு போதும்

பாடத்திட்டம் பழசு, புதுக் கருவிக்குப் பணமில்லை, வேதியியல் தொழிற்பயிற்சியில் பசுமை வேதியியலை, அதாவது கழிவையும் நச்சையும் குறைக்கிற வேதியியலை, எங்கே நுழைப்பது என்று கேட்டிருந்தீர்கள். தனிப் பாடமே வேண்டாம். நீங்கள் சொன்ன ஆஸ்பிரின் செய்முறையே போதும். சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அன்ஹைட்ரைடும் முழுதாக வினைபுரிந்தாலும் எடையில் 75% தான் ஆஸ்பிரின்; மீதி அசிட்டிக் அமிலமாகப் போய்விடும். இதை மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம், விளைச்சலோடு நிறுத்தாமல் கழிவையும் எடை போடட்டும். கழிவின் எடையைக் கிடைத்த பொருளின் எடையால் வகுத்தால் வருவது ஈ-காரணி (E-factor), வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் கொண்டுவந்த அளவு. மருந்துத் தயாரிப்பில் அது 25-லிருந்து 100-க்கு மேலும் போகும். கழுவிய தண்ணீரைத் தனியாகக் குறிக்கட்டும், இல்லையென்றால் எண் குழம்பிவிடும். என்னைக் கேட்டால், ஆலை வேலைக்குப் போகிற பிள்ளைக்கு இந்தப் பழக்கம்தான் முதலில் வேண்டும். கெடுதல் குறைந்த கரைப்பானுக்கு மாற்றுவதெல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.