உண்ணிச்செடியை என்ன செய்வது? கேள்வி பதில்

கேள்வி: வேலியோரம் மஞ்சளும் ரோஸுமாகப் பூக்கிற உண்ணிச்செடி நம் ஊர்ச் செடிதானே ஐயா? தாத்தா காலத்திலிருந்து இருக்கிறதே.

பதில்: தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் வந்தது. அதன் சொந்த மண் மத்திய, தென் அமெரிக்கா. 1809-இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாகக் கொண்டுவந்தார்கள். அப்புறம் வேலிக்கு நட்டார்கள். கொண்டைக்குருவிகள் பழத்தைத் தின்று காடெல்லாம் விதைத்துவிட்டன. இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் ஆள் நுழைய முடியாத புதர்.

கேள்வி: பட்டாம்பூச்சி நிறைய வருகிறது. விட்டுவிட்டால் என்ன?

பதில்: வருவது உண்மைதான். ஆனால் புதரை விலக்கிக் கீழே பாருங்கள், புல் அநேகமாக இருக்காது. மானும் காட்டெருமையும் எதை மேயும்? எனக்கு ஆறாத வருத்தமே அதுதான்.

கேள்வி: மாடு தின்றுவிட்டால்?

பதில்: ஈரல் கெடும், மஞ்சள் காமாலை வரும், வெயில் பட்ட தோல் புண்ணாகும். உடனே நிழலில் கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள்.

கேள்வி: காட்டோரம் என் பட்டா நிலத்தில் இரண்டு வருடமாக வெட்டுகிறேன். மழை பெய்ததும் முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கிறது.

பதில்: தரையோடு வெட்டியிருப்பீர்கள். துளிர்ப்பது தண்டும் வேரும் சேருகிற கழுத்துப் பகுதியிலிருந்து. மண்ணைக் கொஞ்சம் விலக்கி, அந்தக் கழுத்துக்குக் கீழே மூன்று நான்கு விரல் ஆழத்தில் ஆணிவேரை வெட்டுங்கள். பிடுங்கிய செடியை வேர் மேலே இருக்கும்படி தலைகீழாகப் போட்டுவிடுங்கள், மறுபடி வேர் பிடிக்காது. காய் பழுக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். அதோடு முடியாது. பறவைகள் உட்காரும் மரங்களின் அடியில் நாற்று முளைத்துக்கொண்டே இருக்கும். அடுத்த இரண்டு மூன்று மழைக்காலமாவது போய்க் கையால் பிடுங்க வேண்டும். வெறும் மண்ணாக விட்டால் வேறொரு களை வந்து உட்காரும், அதனால் அந்த இடத்தின் புல்லையே விதையுங்கள். பல இடங்களில் பணமும் உழைப்பும் வீணாவது இந்தக் கடைசி வேலையைச் செய்யாததால்தான்.

கேள்வி: தீ வைத்துவிட்டால் சுலபம் இல்லையா அண்ணா?

பதில்: வேண்டவே வேண்டாம். மேலே எரியும், அடிக்கட்டை பிழைத்துத் துளிர்க்கும். கர்நாடகத்தின் பிலிகிரி மலையில் வாழும் சோலிகர் பழங்குடி மக்கள் முன்பு தரையோடு ஓடும் சிறு தீ வைத்து நாற்றுகளை அடக்கியதாகவும், அதைத் தடுத்தபிறகே உண்ணி பெருகியதாகவும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் ஆள் உயரப் புதரில் இன்று பற்றும் தீ மர உச்சிவரை ஏறிவிடும்.

கேள்வி: வெட்டியதை என்ன செய்யலாம்?

பதில்: தடித்த தண்டுகளை வேகவைத்துப் பட்டையை உரித்தால் நன்றாக வளையும். நாற்காலி, கூடை செய்கிறார்கள். கூடலூர்ப் பக்கப் பழங்குடி மக்கள் முழு உருவ யானைகளே செய்தார்கள். 2021-இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன.