புதுச்சேரியில் எந்தக் கடைக்கு எந்த நேரம்?

கேள்வி: வேலைக்காக மதுரையிலிருந்து வந்து லாஸ்பேட்டையில் தங்கியிருக்கிறேன். நல்ல கடை எது என்று யாரைக் கேட்டாலும் கடலோரப் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் கஃபேக்களைத்தான் சொல்கிறார்கள். போனேன், படம் எடுத்தேன், பில்லைப் பார்த்து மனசு விட்டுப்போனது, சாப்பிட்டது நினைவிலேயே இல்லை. அடிக்கடி போய் உட்கார எனக்கென்று நாலு கடை வேண்டும். தனியாகப் போகக் கூச்சமாகவும் இருக்கிறது. எப்படித் தேடுவது?
- வாசகி, லாஸ்பேட்டை

பதில்:

அன்புள்ள தோழி,

நீங்கள் போன கடைகள் மோசமானவை என்று நான் நினைக்கவில்லை. சனி, ஞாயிறு மதியம், வெளியூர்க் கூட்டத்தோடு கூட்டமாகப் போயிருப்பீர்கள், அந்த நேரத்தில் எந்தக் கடையிலும் சமையல்காரருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. இந்த ஊரில் எந்தக் கடை என்று கேட்பதற்கு முன்னால் எந்த நேரம் என்று கேளுங்கள். அது பிடிபட்டால் கடை தானாக அமையும்.

ரொட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் இங்கே ரொம்ப ஏமாற்றும். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர், அதனால் நீளமான பிரெஞ்சு ரொட்டி கஃபேக்களில் மட்டுமில்லை, ஒயிட் டவுனைப் பிரிக்கிற வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் தெருக்களில் இருக்கிற சாதாரண பேக்கரிகளிலும் கிடைக்கும். ஆனால் அதன் மொறுமொறுப்புக்கு ஆயுள் சில மணி நேரம்தான். கடல் காற்றில் இருக்கிற ஈரம் மேல்தோலை நமுக்க வைத்துவிடும், சாயங்காலம் வாங்கினால் இழுத்து இழுத்துக் கடிக்க வேண்டியதுதான். பக்கத்தில் இருக்கிற பேக்கரியில் ‘அண்ணே, ரொட்டி எப்போ வெளியே வரும்?’ என்று ஒரு தடவை கேட்டு வையுங்கள். பிடித்த பேக்கரி கிடைப்பதற்கு இந்த ஒரு கேள்வி போதும், கேட்பவரை அவர்களும் மறக்க மாட்டார்கள். மிச்சமானதை மறுநாள் லேசாகத் தண்ணீர் தெளித்து, தோசைக்கல்லில் மூடி போட்டுச் சூடாக்கி, கடைசியில் மூடியை எடுத்துவிட்டுத் திருப்பிப் போட்டால் மறுபடி மொறுமொறுவென்று வந்துவிடும்.

வெண்ணெய் அடுக்குகள் வைத்த பிரெஞ்சு பன்னான குரோசானின் விலை உங்களை உறுத்தியிருக்கும், புரிகிறது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும், நம் ஊர் மே மாத வெயில் அதைச் சுலபமாகத் தாண்டும். அப்படிப்பட்ட ஊரில் மாவுக்கும் வெண்ணெய்க்கும் அடுக்கு குலையாமல் மடித்து மடித்து உருட்டக் குளிரூட்டிய அறை வேண்டும், பொறுமையான கை வேண்டும். அந்த உழைப்புக்குத்தான் விலை. சில இடங்களில் வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் செய்த மார்ஜரின் போடுவார்கள், தின்று முடித்த பிறகும் மேலண்ணத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே இருக்கும், அங்கே காசைக் கொட்டாதீர்கள். புஸ்ஸி வீதியிலோ ஆரோவில் பக்கத்துக் குயிலாப்பாளையத்திலோ இருக்கிற பேக்கரிக்கு, வார நாளில் காலையில் போய் ஒன்றே ஒன்று வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

புதுக் கடைக்கு முதல் தடவை போனால் மெனுவில் அலங்காரமாக இருப்பதைக் கேட்காதீர்கள். பேக்கரியில் வெறும் பன், டிபன் கடையில் இட்லி, டீக்கடையில் டீ. சீஸும் சாஸும் எந்தக் குறையையும் மூடிவிடும், இட்லியால் மூட முடியாது. அப்புறம் எட்டு மணிக்குப் போனாலும் ‘அடுத்த ஈடு எடுக்கட்டும், இருங்க’ என்று காத்திருக்கச் சொல்கிற கடையை விட்டுவிடாதீர்கள்.

கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது உங்கள் குறை இல்லை. ஆண்கள் மட்டுமே நின்று டீ குடிக்கிற கடையில் ஒரு பெண் போய் நின்றால் பார்க்கத்தான் செய்கிறார்கள், அது மாற வேண்டியது அவர்களிடம். அதுவரைக்கும் உட்கார்ந்து பழக எளிதான இடங்களில் தொடங்குங்கள். நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபியோடு புத்தகம் விரித்து உட்காரலாம். கடற்கரைச் சாலையில் சுற்றுலாக் கழகத்தின் லெ கஃபே இருக்கிறது, அங்கே விடிகாலையில் போங்கள். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை அந்தச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை, அலைச் சத்தம் மட்டும்தான். ஒரே கடைக்கு ஒரே நேரத்தில் சில வாரம் போனாலே பரிமாறுகிறவர் உங்கள் காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துவைத்திருப்பார், அப்புறம் கூச்சம் எங்கே இருக்கும்?

சாயங்காலம் நாலு மணிக்குப் பப்ஸ், ஆறு மணிக்கு பஜ்ஜி, இருட்டியதும் கையேந்தி பவன். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் சுற்றிவிட்டு அப்படியே அந்தப் பக்கத்துச் சந்துகளில் நடந்து பாருங்கள், கண்ணில் படாத கடைகள் அங்கேதான் இருக்கின்றன. நோன்பு மாதத்தில் முல்லா வீதிப் பக்கம் மாலையில் நடந்தால் சமோசா வாசனையே வழி காட்டும். ஒரு நாள் கடலூருக்கும் பஸ் ஏறுங்கள், இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் டிபன் கடைகள் முழுக்க உள்ளூர்க்காரர்களுக்காகவே நடக்கின்றன, படம் எடுக்க யாரும் வருவதில்லை.

டிசம்பரில் மட்டும் ஒரு விஷயம். ரவை, வெண்ணெய், ரம்மில் ஊறிய உலர்பழங்கள் எல்லாம் போட்டு இங்கே கிறிஸ்துமஸுக்கு விவிக்கம் கேக் செய்வார்கள். உங்களுக்குப் பழக்கமாகிற பேக்கரியில் நவம்பரிலேயே கேட்டு, சொல்லி வைத்துவிடுங்கள்.