அப்டேட் ஆனபின் அவுட்லுக் திறந்ததும் மூடிக்கொள்கிறது என்றால்

உங்கள் மெயில் புரோகிராமான அவுட்லுக் இப்படி ஆகிறது என்று கேட்டிருந்தீர்கள். அதற்காக மைக்ரோசாஃப்ட் ஆபீஸை கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டு மறுபடி போட வேண்டாம். கன்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்தபடி அவுட்லுக்கைத் திறங்கள், சேஃப் மோடா (ஆட்-இன் எதுவும் இல்லாமல் திறப்பது) என்று கேட்கும், யெஸ் கொடுங்கள்.

அதில் மூடாமல் நின்றால் கோளாறு ஏதோ ஒரு ஆட்-இன்னில், அதாவது அவுட்லுக்கோடு சேர்ந்து ஓடும் சின்ன துணை புரோகிராமில். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் ராத்திரி அப்டேட், காலையில் போடி ஆபீசில் மூன்று கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி என்கிறீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. சேஃப் மோடிலும் மூடிக்கொண்டால் அப்டேட்டே பழுதாக இருக்கலாம். 2020 ஜூலை 15 அன்று பல நாடுகளில் இப்படித்தான் ஆனது, அதை மைக்ரோசாஃப்டே தன் பக்கமிருந்து சரிசெய்தது. அப்படியானால் சரியான அப்டேட் வரும்வரை பொறுக்கலாம், இல்லாவிட்டால் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். அதுவரை குமுளிக்குப் போக வேண்டிய ஏலக்காய் விலைப்பட்டியலை பிரவுசரில் வெப்மெயில் வழியாக அனுப்பிவிடுங்கள்.

உங்களுடையது பாப் (POP) கணக்கா, அதாவது மெயிலை சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் வகையா என்று பாருங்கள். அப்படியென்றால் பழைய மெயில் எல்லாம் கம்ப்யூட்டரில் அவுட்லுக் மெயிலைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி (.pst) ஃபைலில் மட்டும்தான் இருக்கக்கூடும். அதை வேறு டிரைவில் காப்பி எடுக்காமல் யாரையும் கை வைக்க விடாதீர்கள், சர்வீஸ் பையன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி.