வாசகர் கேள்வி பதில்: தெளிவான ரெசின் வார்ப்பும் வீட்டில் செய்த அச்சும்

கேள்வி: மரத்தில் செதுக்கிய சிறிய யானை உருவத்தை வைத்து நானே சிலிகோன் அச்சு செய்தேன். கலக்கும்போது கிண்ணத்தில் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும் எபாக்சி ரெசின் (இறுகிப் பிளாஸ்டிக் போலாகும் திரவம்), அச்சிலிருந்து எடுத்தவுடன் மங்கித் தெரிகிறது. விலை கூடுதலான ரெசின் வாங்கியும் மாற்றமில்லை. காரணம் என்ன? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: இன்னொரு ரெசின் வாங்குவதற்கு முன் சிறு சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். மங்கலான யானையின் முதுகில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விரலால் தடவுங்கள். எண்ணெய் பட்ட இடம் மட்டும் உடனே தெளிந்து உள்ளே பார்க்க முடிந்தால், குறை ரெசினில் இல்லை, மேற்பரப்பில்தான் இருக்கிறது. எண்ணெய் தடவிய பிறகும் மங்கல் அப்படியே இருந்தால் நுண்குமிழ்களோ, ஈரமோ, அளவு தவறிய கலவையோ உள்ளே சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

உங்கள் யானையில் முதலாவது காரணமே இருக்கும் என்பது என் கணிப்பு. சிலிகோன் தான் தொட்ட பொருளின் மிக நுண்ணிய கீறலையும் விடாமல் படியெடுத்துக்கொள்ளும். மரத்தின் இழை, உளி விட்ட தடம், வார்னிஷ் தூரிகையின் கோடு ஆகிய அனைத்தும் அச்சுக்குள் இறங்கி, அங்கிருந்து ரெசினுக்கு வந்துவிடும். அந்தச் சொரசொரப்பு ஒளியைச் சிதறடிப்பதால்தான் உள்ளே தெளிவாக இருக்கும் வார்ப்பு வெளியே மங்கலாகத் தெரிகிறது. ஆகவே உழைப்பை மூல உருவின் மீது செலவிடுங்கள். மரத்தின் நுண்துளைகளை அடைத்து, 400, 800, 1500, 2000 எண் உப்புத்தாள்களால் வரிசையாக, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பளபளப்பு வார்னிஷ் பூசி, அது முழுமையாகக் காய்ந்த பிறகு புதிய அச்சு எடுங்கள். ஏற்கெனவே வார்த்த யானைகளை வீச வேண்டியதில்லை. அதே வரிசையில் தேய்த்து மெருகுப் பசையால் துடைத்தாலும், மேலே மெல்லிய ரெசின் பூச்சு ஒன்று கொடுத்தாலும் அவை தெளிந்துவிடும்.

நம் ஊர்க் காற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் விடிவதற்குச் சற்று முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் அது 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். ரெசினுடன் கலந்து அதை இறுகச் செய்யும் ஹார்டனர் திரவத்தில் உள்ள அமீன் என்னும் வேதிப்பொருள், காற்றிலுள்ள ஈரத்துடனும் கரியமில வாயுவுடனும் வினைபுரிந்து மேற்பரப்பில் மெழுகு போன்ற ஒரு படலத்தை உண்டாக்கக்கூடும். இரவில் வேலை முடித்து ரெசினை ஊற்றிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள், காலையில் எழுந்து பிசுபிசுப்பான பரப்பைக் கண்டு மனம் உடைவதற்கு இது ஒரு காரணம். ரெசின் இறுகிய பிறகு வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் கொண்டு கழுவினால் படலம் போய்விடும். கழுவிய பிறகும் ஒட்டினால் கலவை விகிதம் தவறியிருக்கிறது என்று பொருள். அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. வெயிலடிக்கும் பிற்பகலில் வார்ப்பது நல்லது. ஈரம் நீக்கும் இயந்திரம் ஓடும் அறை, யாரும் படுக்காத அறையாக இருந்தால், இன்னும் நல்லது.

விகிதத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பொதுவாக ரெசின், ஹார்டனரைவிட அடர்த்தி கூடியது. புட்டியில் கொள்ளளவுப்படி 2:1 என்று அச்சிட்டிருந்தால் அதை அளவுக் குவளையில்தான் அளக்க வேண்டும். தராசில் வைத்து எடைப்படி 2:1 எடுத்தால் ஹார்டனர் தேவைக்கு மேல் சேர்ந்துவிடும்.

கேள்வி: களிமண்ணில் ஓர் உருவம் செய்து அதன் மேல் சிலிகோன் ஊற்றினேன். வெளிப்பக்கம் இறுகிவிட்டது, களிமண்ணைத் தொட்ட பக்கம் மட்டும் இரண்டு நாளாகியும் கூழாகவே இருக்கிறது. கெட்டுப்போன சிலிகோனை விற்றுவிட்டார்களா? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: கடைக்காரர் மீது பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. நீங்கள் பயன்படுத்தியது பிளாட்டினம் வகைச் சிலிகோனாகவும், களிமண் கந்தகம் கலந்த எண்ணெய்க் களிமண்ணாகவும் இருக்க வேண்டும். சிலிகோனை இறுகச் செய்யும் பிளாட்டினத்தைக் கந்தகம் செயலிழக்கச் செய்துவிடும். லேடெக்ஸ் கையுறை பட்ட இடத்திலும், முப்பரிமாண அச்சுப்பொறியில் ரெசினால் உருவாக்கிய பொருள்கள் மீதும் இதே தொல்லை நேர்கிறது. கந்தகம் இல்லாதது என்று குறிப்பிட்ட களிமண்ணையும் நைட்ரைல் கையுறையையும் பயன்படுத்துங்கள். எந்தப் புதிய பொருளாக இருந்தாலும், மறைவான ஓரத்தில் ஒரு துளி சிலிகோன் வைத்து அது இறுகுகிறதா என்று பார்த்த பிறகே முழுவதையும் ஊற்றுங்கள்.

வெள்ளீய வகைச் சிலிகோன் கந்தகத்துக்கு அஞ்சாது, விலையும் குறைவு. ஆனால் அது நாளடைவில் சுருங்கும்; அச்சின் ஆயுளும் குறைவு. நான்கைந்து முறை மட்டும் வார்க்கப் போகிறீர்கள் என்றால் அது போதும். ஒரே அளவில் பல வார்ப்புகள் வேண்டும் என்றால் பிளாட்டினம் வகைதான் சரி. குளியலறை விளிம்பில் பூசும் சிலிகோனுடன் சோளமாவு பிசைந்து அச்சு செய்யும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். சோப்புக்கும் மெழுகுக்கும் அது உதவலாம். தெளிவான ரெசினுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அது தரும் பரப்பு சொரசொரப்பாகவே இருக்கும்.

கேள்வி: மகளின் திருமண மாலையில் இருந்த பூக்களை உருண்டையான ரெசினுக்குள் வைத்துக் கொடுக்க ஆசைப்படுகிறேன். உருண்டை அச்சு செய்துவிட்டேன். பூவை எப்படி வைப்பது? (தாயார் ஒருவர், தெம்பனிஸ்)

பதில்: அம்மா, முதலில் பூவிலுள்ள ஈரம் ஒரு துளியும் மிஞ்சாமல் போக வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளுக்குள் பூக்களைப் புதைத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடி, இதழ் காகிதம் போலச் சலசலக்கும் வரை வைத்திருங்கள். ஈரம் மிஞ்சினால் ரெசினுக்குள் பூ பழுப்பாகும், சுற்றிலும் குமிழ் கட்டும். நன்றாக உலர்த்தினாலும் மல்லிகை வெண்மையாக நிற்காது. தந்தத்தின் நிறத்துக்கோ பழுப்புக்கோ மாறிவிடும். சிவப்பு ரோஜா கறுத்துப் போகும். இதை மகளிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

உருண்டையை ஒரே தடவையில் நிரப்பாதீர்கள். எபாக்சி இறுகும்போது தானே வெப்பத்தை வெளியிடும். ஊற்றும் அளவு தடிக்கத் தடிக்க வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, வார்ப்பு மஞ்சளாகும், சில வேளைகளில் விரிசலும் விடும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால், குளிர்நாட்டில் எழுதப்பட்ட நேரக் கணக்கு நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் பொருந்தாது. ஆழமாக ஊற்றுவதற்கென்று விற்கும் மெதுவான ரெசினை வாங்கி, அதன் உறையில் சொன்ன தடிமனுக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக ஊற்றுங்கள். முதல் அடுக்கு, விரலோடு ஒட்டி வராமலும் தொட்டால் பிசுபிசுப்பது போலவும் இருக்கும் பதத்தில் பூவை அதன் மேல் வைத்து அடுத்த அடுக்கை ஊற்றினால் இடையில் கோடு தெரியாது. பூவை வைக்கும் முன் தனியே ரெசினில் தோய்த்தெடுத்தால் இதழ்களுக்கிடையே சிக்கிய காற்று வெளியேறிவிடும். முடிந்த உருண்டையைச் சன்னல் வெயிலில் வைக்க வேண்டாம். புற ஊதாக் கதிர் எபாக்சியை மஞ்சளாக்கும்.

கேள்வி: குமிழை ஒழிக்க, காற்றழுத்தத்தைக் கூட்டி உள்ளே வார்ப்பை இறுகவிடும் அழுத்தக் கலம் வாங்கினேன். குமிழ் போய்விட்டது, ஆனால் வார்ப்பின் மேல் சிறு சிறு பருக்கள் வருகின்றன. (வாசகர், ஈசூன்)

பதில்: பருக்களுக்குக் காரணம் உங்கள் அச்சின் சுவருக்குள் சிக்கியிருக்கும் காற்றுக்குமிழ்கள். அழுத்தம் ஏறும்போது அவை சுருங்க, அச்சின் பரப்பு அங்கங்கே உள்வாங்கி, ரெசின் அந்தக் குழிகளில் இறங்கிப் பருவாக நிற்கிறது. அழுத்தத்தில் வார்க்கப் போகும் அச்சுக்கான சிலிகோனையும் அதே அழுத்தத்தில், அல்லது வெற்றிடக் கலத்தில் காற்றை நீக்கிய பிறகு, இறுக விட வேண்டும்.

கேள்வி: இதே முறையில் முறுக்கு, லட்டு வைக்கும் தட்டுச் செய்யலாமா? பேரப்பிள்ளைகளும் உடன் சேர்ந்து செய்ய விரும்புகிறார்கள். (வாசகி, பொங்கோல்)

பதில்: தட்டு அலங்காரத்துக்கு மட்டும் இருக்கட்டும். உணவுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுத்தில் உறுதி தராத ரெசினில் தின்பண்டம் வைக்கக் கூடாது. பிள்ளைகள் களிமண்ணில் உருவம் செய்யலாம், இறுகிய வார்ப்பை அச்சிலிருந்து பிரித்தெடுக்கலாம். திரவ ரெசினைத் தொட வேண்டாம். எபாக்சி தோலில் மீண்டும் மீண்டும் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம், உண்டானால் அது வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும். பெரியவர்களும் நைட்ரைல் கையுறை அணிந்து, சன்னலைத் திறந்து வைத்துக் கலக்குங்கள். வார்ப்பைத் தேய்க்கும்போது தூசுக்குரிய முகக்கவசம் அணியுங்கள். மீந்த கலவையைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல், குவளையிலேயே இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள்.